உன் அண்ணன் வீடு வழியில் இல்லை

என் மயிலுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. நான் நலமில்லை என்று சொல்ல மட்டும் வழியிருக்கிறது. இடுப்புப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வயிறு கல்லாகக் கிடக்கிறது, பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. கவிதாவின் கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இப்போதுதான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். படுத்தால் அடுத்த நிமிடம் தூக்கம் வரும். ஆனால் உன்னிடம் சொல்லாமல் படுக்க மனசு வரவில்லை.

ஆமாம், நம் கவிதாவுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பொள்ளாச்சிப் பக்கம், பம்புசெட் கம்பெனியில் இன்ஜினீயர். சத்தம் போட்டுப் பேசாத பையன். பெண் பார்க்க வந்த அன்று, குடித்த காபி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தான். அங்கேயே உனக்குப் பிடித்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிடித்திருக்கும்தானே?

பத்திரிகை வைக்கிற வேலை எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் பக்கத்தில் தபாலில் போனால் அது பத்திரிகையே இல்லை, காகிதம். புருசனும் பெண்டாட்டியுமாக நேரில் போகவேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்து, அதன்மேல் பத்திரிகையை வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து நீட்டவேண்டும். ஒற்றை ஆள் நீட்டினால் வாங்குகிறவர்கள் தயங்குவார்கள். நீ போய் இரண்டு வருசமாக நான் ஒற்றை ஆள். அதனால் என் அண்ணனும் அண்ணியும் கூட வந்தார்கள். அண்ணன் தன் பழைய அம்பாசிடரை எடுத்தார். தட்டு நீட்டுவது அவர்கள், பக்கத்தில் கைகூப்பி நிற்பது நான் என்று ஏற்பாடு.

போகிற வழியைத் தீர்மானித்தது மட்டும் நான். எல்லாக் கூத்தும் அங்கேதான் ஆரம்பம்.

நாமும் இந்த ஊர்களுக்கெல்லாம் போகாதவர்களா? காதுகுத்து, சீர், கருமாதி என்று வருசம் முழுக்கப் போய்க்கொண்டுதானே இருந்தோம். எல்லாம் பஸ்ஸில். சன்னல் ஓரம் நீ உட்காருவாய். "ஏனுங்க, அது என்னங்க கோபுரம், ஒருக்கா எறங்கிப் பாக்கோணுமுங்க" என்பாய். விசேஷத்துக்கு நேரமாகிவிடும், இல்லையென்றால் மறுநாள் எனக்கு மில்லில் முதல் ஷிப்ட் இருக்கும். பஸ் நமக்காக நின்றதில்லை. விஜயமங்கலத்துச் சமணர் கோயில், கொடிவேரி அணை, பவானிக் கூடுதுறை, கொடுமுடி என்று நீ சன்னல் வழியாகவே சொல்லிவைத்த ஊர்கள் எனக்கு மனப்பாடம்.

இந்தத் தடவை கார் நம்முடையது, நேரம் நம்முடையது. பத்திரிகையும் வைத்தமாதிரி ஆயிற்று, நீ கேட்ட இடங்களிலும் இறங்கினமாதிரி ஆயிற்று என்று உட்கார்ந்து வழி போட்டேன். கோயமுத்தூரிலிருந்து பெருந்துறை, அங்கிருந்து கோபி, பவானி, ஈரோடு, கொடுமுடி, பிறகு முத்தூர் வழியாக வெள்ளகோவில், காங்கேயம் தாண்டி வீடு. அழகான வட்டம். போன ரோட்டில் திரும்பி வரவேண்டியதில்லை. ஷிப்ட் போட்டுப் பழகிய மூளை வேறு எப்படி யோசிக்கும்? என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அந்த வட்டத்தின் வாலில், வெள்ளகோவிலில், உன் அண்ணன் வீடு இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நிமிடமே என் தலையில் குட்டியிருப்பாய்.

சாமிக்கு முதல் பத்திரிகை, அடுத்தது தாய்மாமனுக்கு. பிறகுதான் மற்றவர்களுக்கு. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் உன் அண்ணன் சென்னியப்பன் மச்சான்தான் இந்தச் சம்பந்தத்தையே முன்னால் நின்று பேசி முடித்தவர். தேதி குறித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டு ஆளுக்கு முன்னால் வைத்தால் என்ன, பின்னால் வைத்தால் என்ன என்று இருந்துவிட்டேன். அண்ணனும் அண்ணியுமோ, நான் ஏற்கெனவே வெள்ளகோவிலுக்குப் போய் வைத்துவிட்டு வந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

முதல் நாள் அவிநாசி தாண்டி நம் காணிக் கோயிலில் இறங்கினோம். குலசாமி காலடியில் பத்திரிகையை வைத்து, பூசாரி பூ எடுத்துக் கொடுத்து, நல்லபடியாகத்தான் கிளம்பினோம். விஜயமங்கலத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். அண்ணன், "இங்க நமக்கு யாருடா ஒரம்பரை?" என்றார். சொந்தம் யாருமில்லை, கோயில் பார்க்கலாம் என்றேன். ஒருமாதிரி என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

மயிலு, நீ பஸ்ஸிலிருந்து பார்த்ததைவிட அது பெரிய கோயில். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். கூரையின் ஓரமெல்லாம் சின்னச் சின்னச் சிற்பம், கழுத்து வலிக்கிறவரை அண்ணாந்து பார்த்தேன். ஒரு கல்தூணில் எழுத்து வெட்டியிருக்கிறது. உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட ஒரு பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் நட்டது என்று அங்கே சாவி வைத்திருந்தவர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. அண்ணி வெளியே வேப்பமர நிழலில் காலை நீட்டிக்கொண்டு, "தம்பி, வெய்யலுக்கு முந்திப் பெருந்துறை போயிரலாமுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பெருந்துறையில் உன் சின்னக்கா வீடு. என்னைப் பார்த்ததும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்தப் பயணம் முழுக்க வீட்டுக்கு வீடு இதுதான். "அவ இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார்கள், நான் தலையாட்டுவேன், பிறகு இலை போடுவார்கள். ஆறுதல் சொல்கிறவர்களுக்கு ஒரு வீடு. எனக்கு எத்தனை வீடு? கடைசியில் யார் அழுதாலும் நான்தான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டியதாகிவிட்டது.

சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினாள். அதன்மேல் பருப்பும் வெல்லமும் வைத்துச் சுட்ட ஒப்புட்டு, அதன்மேல் நெய். வேண்டாம் என்றால் விடுவார்களா? "பத்திரிகை வெக்க வந்தவங்க கை நனைக்காமப் போனா எப்பிடீங்க" என்று இன்னொன்று வைத்தாள். நான் மூன்றாவது ஒப்புட்டோடு போராடிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டாள்.

"சென்னியப்பண்ணன் ஊட்டுக்கெல்லாம் வெச்சாச்சுங்களா?"

"அது வார வழியிலதானுங்க. கடைசியா வெச்சுட்டு அப்பிடியே ஊட்டுக்குப் போயிருவோம்" என்றேன்.

அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், "தம்பி, நெசமாவே இன்னும் வெக்கலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அண்ணன் சாவியைத் திருகிக் காரைக் கிளப்பினார். பிறகு, "இப்ப நேரா வெள்ளகோயிலுக்கு உட்டாலும் மொத ஊடு ஆவாது. வெச்சது வெச்சதுதான்" என்று சொல்லிவிட்டு கோபி ரோட்டைப் பிடித்தார். கோபியில் எங்களுக்காக உலையே வைத்துவிட்டார்கள், அவர்களையும் ஏமாற்றமுடியாது.

கோபியை என்னவென்று சொல்வது? இரண்டு பக்கமும் நெல்லும் வாழையும் தென்னையும், நடுவே வாய்க்கால். பச்சையைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. கொடிவேரியில் தண்ணீர் அணை நெடுகப் பாலாக விழுந்துகொண்டிருந்தது. சனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் மீன் வறுத்து விற்கிறார்கள், அந்த மிளகாய் வாசம் ரோடு வரைக்கும் வருகிறது. அண்ணன் நைசாக அந்தப் பக்கம் நகர்ந்தார். "காருக்குள்ள சாமி பிரசாதம் இருக்குது, பத்திரிகை இருக்குது. மீனைத் தின்னுபோட்டு அந்தக் கையில தட்டை எடுப்பீங்களா?" என்று அண்ணி ஒரு போடு போட்டார். அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிவந்தார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நான் சிரித்துப்பார்த்தேன், வாய் மட்டும் அசைந்தது.

அன்று சாயந்தரம் கோபியில் நாங்கள் தங்கிய சொந்தக்காரர் வீட்டு போனுக்கு கவிதா கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அப்பா, வெள்ளகோயில் மாமன் போன் பண்ணுனாருங்க. பத்திரிகை அடிச்சு வந்துருச்சா கண்ணுன்னு கேட்டாரு. வந்துருச்சுங்க மாமா, அப்பா வெக்கப் போயிருக்காருங்கன்னு சொன்னேன். அப்பிடியா, ரொம்பச் சந்தோசமுங்க அம்மணின்னாரு. போனை வெச்சுட்டாரு."

"சந்தோசம்னுதானே கண்ணு சொன்னாரு?"

"அவரு எனக்கு எப்பப்பா 'ங்க' போட்டிருக்காரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊர்க்காரர்கள் கோபம் வந்தால் மரியாதையைக் கூட்டிவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். உன் அண்ணன் தூக்கி வளர்த்த பெண்ணுக்கே 'ங்க' போட்டார் என்றால் பெருந்துறையிலிருந்து செய்தி போயிருக்கிறது. கவிதா அழ ஆரம்பித்துவிட்டாள். "மாமன் வந்து நெத்தியில பட்டங் கட்டாம நான் மணவறையில உக்கார மாட்டேனுங்கப்பா. அம்மாவும் இல்ல, மாமனும் இல்லீன்னா யாருப்பா எனக்கு அந்தப் பக்கம்?" என்றாள்.

மயிலு, அந்தப் பக்கம் என்றால் உன் பக்கம். அந்தப் பக்கத்தில் மாமன் என்று அவளுக்கு இருப்பது உன் அண்ணன் ஒருவர்தான். அவர் கல்யாணத்துக்கு வராமல் போகமாட்டார், அது எனக்குத் தெரியும். வருவார். பந்தலில் கடைசி வரிசையில் ஊரார் மாதிரி உட்கார்ந்து, மொய் எழுதிவிட்டு, கை கழுவிக்கொண்டு போய்விடுவார். அதற்கு அவர் வராமலே இருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் எந்த ஊரைப் பார்த்தேன், எதைத் தின்றேன் என்று ஒழுங்காகச் சொல்லமுடியாது. மறுநாள் பவானிக் கூடுதுறையில் படிக்கட்டில் நின்றேன். பவானி ஒரு நிறம், காவிரி ஒரு நிறம். கொஞ்ச தூரம் அப்படியே ஒட்டாமல் போய் பிறகு ஒன்றாகிவிடுகிறது. மூன்றாவதாக ஒரு ஆறு கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்கிறது என்பார்களே, அதையும் தேடினேன். அண்ணி தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "மயிலா பேரைச் சொல்லி நீங்களும் ஒருக்கா முங்குங்க தம்பி" என்றார். முங்கினேன். எழுந்து நின்றபோது உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் ஆற்றோடு போய்விட்டது.

ஈரோட்டில் வெயில். நான்கு வீடு, நான்கு இலை. ஒரு வீட்டில் கோழிக்குழம்பே வைத்துவிட்டார்கள், அண்ணிக்குப் பயந்து அண்ணன் தொடவில்லை. கொள்ளுப் பருப்பும் ரசமும் போதும் என்று நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "சென்னியப்பன் என்ன சொன்னாருங்க?" இன்னும் போகவில்லை என்று சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

கடைசி நாள் காலையில் கொடுமுடி. அந்த வன்னிமரத்தைச் சுற்றி வந்தேன். மரம் இருக்கிற வயசுக்கு இலை என்னமாய்ப் பச்சையாக இருக்கிறது தெரியுமா? நீ கேட்ட இடங்களில் கடைசி இடம். பார்த்தாயிற்று என்ற திருப்தி வரும் என்று நினைத்திருந்தேன். அது வரவில்லை. நீ இல்லாமல் நான் பார்த்தது எப்படி நீ பார்த்ததாகும்?

முத்தூர் ரோட்டில் போகப்போகப் பச்சை குறைந்தது. நொய்யலைத் தாண்டும்போது சாயத்தண்ணீர் நெடியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். பிறகு கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலம், உள்ளே தலைகுனிந்து மேய்கிற காங்கேயம் மாடுகள், முருங்கைத் தோட்டங்கள். இது உன் நிலம். இங்கே வந்தால் பஸ்ஸிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பாயே.

உன் அண்ணன் வாசலில் நின்றார். வழக்கமாக என்றால் மாட்டுக் கட்டுத்தரையிலிருந்தே "வா மாப்ள" என்று சத்தம் கொடுப்பார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் வாங்க. ரொம்பத் தூரம் சுத்திக் களைச்சு வந்திருக்கீங்க, ஒக்காருங்க" என்றார்.

எனக்கு உட்காரும் இடம் முள்ளாகிவிட்டது. உன் அண்ணி ராசம்மா அக்கா தண்ணீர் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உடனே இலை போட்டார்கள். அரிசிம்பருப்புச் சாதம், முருங்கைக்கீரைப் பொரியல், தயிர். ருசிக்குக் குறைவில்லை, அக்கா கை அப்படி. ஆனால் திடீரென்று வாசலில் ஆள் வந்து நின்றால் நம் வீடுகளில் ஆக்குவது எது என்று உனக்குத் தெரியும். பத்திரிகை கொண்டுவருகிறவர்களுக்கு ஒப்புட்டு சுட்டு வைப்பார்கள். வழியில் போகிறவர்களுக்கு அரிசிம்பருப்பு. போன வீடுகளில் எல்லாம் திகட்டத் திகட்டத் தின்ற எனக்கு, அந்தச் சாதம்தான் தொண்டையில் நின்றது.

அண்ணனும் அண்ணியும் எழுந்து தட்டை எடுத்தார்கள். உன் அண்ணன் கையை நீட்டவில்லை. கைகள் இரண்டையும் கட்டிக்கொண்டார்.

"அப்பிடி அந்த மேசை மேல வெச்சுட்டுப் போங்க. நீங்களும் பொழுதோட ஊடு போய்ச் சேரோணுமுங்க."

"சென்னியப்பா, கோவிச்சுக்காதீங்க. தப்புதான். பெரியவன் நானும் கேக்காம உட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

"கோவம் என்னங்க கோவம். நமக்குள்ள என்னங்க இருக்குது."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எதற்காக அப்படி வழி போட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ பஸ்ஸில் கேட்டது, விஜயமங்கலம், கொடிவேரி, கூடுதுறை, கொடுமுடி எல்லாம். மயிலாவுக்காகத்தான் மச்சான், அவள் பார்க்க ஆசைப்பட்ட இடங்களுக்காகத்தான், வேறு நினைப்பே இல்லை என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வெட்கப்படவில்லை.

உன் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கண்ணும் நிறைந்தது. மனசு இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அவ ஆசைப்பட்ட எடத்துக்கெல்லாம் அதுக்குன்னே போனீங்க" என்றார். "அவ பொறந்த ஊட்டுக்கு மட்டும் வழியில வந்திருக்கீங்க."

அவ்வளவுதான். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கட்டுத்தரைக்குப் போய்விட்டார்.  அவர் சொன்னதில் ஒரு எழுத்தைத் தப்பு என்று சொல்லமுடியுமா நீயே சொல்.

கார் கிளம்பும்போது ராசம்மா அக்கா ஓடிவந்தார். கையில் எங்கள் தட்டு. "இது இங்க இருந்துச்சுன்னா குடுத்த மாதிரி ஆயிருமுங்க" என்று என் மடியில் வைத்தார். "தம்பி, இன்னைக்குப் போயிட்டு, நாளைக்கு ஊட்டுல வெளக்கு வெச்சுப்போட்டு அங்கிருந்து பொறப்பட்டு வாங்க. நேரா வாங்க. வேற எங்கயும் காலு வெக்காதீங்க. அவுருக்கு உங்க மேல வருத்தமில்லீங்க. வந்த வழி மேலதான்."

திரும்பினோம். காங்கேயம் போனது, பல்லடம் போனது. வீட்டு வாசலில் கவிதா நின்றிருந்தாள். என் மடியில் தட்டைப் பார்த்தாள், திரும்பி உள்ளே போனாள். அண்ணனுக்குக் காரைவிட்டு இறங்கவே முடியவில்லை, முதுகு பிடித்துவிட்டது. "நாளைக்கு என்னால ஆவாதுடா" என்றார். அண்ணியையும் அவரை விட்டுவிட்டுக் கிளம்பச் சொல்ல முடியாது. எனக்கு எப்படியாவது ஒரு வாரம் படுத்துக்கிடந்தால் போதும் என்று இருந்தது.

விடிந்ததும் உன் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தேன். தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கரூர் பஸ்ஸில் ஏறினேன். நான் மட்டும்தான். ஒற்றை ஆள் தட்டு நீட்டக்கூடாது என்பது தெரிந்தே போனேன். நேராகப் போவது ஒன்றுதான் என் கையில் இருந்தது, அதை ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று பார்த்தேன். சூலூர், பல்லடம் எதையும் பார்க்கவில்லை. காங்கேயத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள்.

"வண்டி பத்து நிமிசம் நிக்குமுங்க, எறங்கி ஒரு டீ குடிங்க" என்றார் கண்டக்டர்.

"வேண்டாமுங்க. நான் எறங்கக்கூடாதுங்க."

"ஏனுங்க, முட்டி வலியா?"

"மச்சான் வலியுங்க" என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, பாவம் என்று எனக்கும் ஒரு டீயை சன்னல் வழியாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிக்கலாமா கூடாதா என்று யோசித்து, கால் வைக்கவில்லையே என்று குடித்துவிட்டேன்.

தோட்டத்து வாசலை நெருங்கும்போதே ஒப்புட்டு வேகும் வாசம் வந்தது.  உன் அண்ணன் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கிருந்து மாப்ள வாறே?"

'ங்க' இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

"ஊட்டுல இருந்து மச்சான்."

"நேராவா?"

"நேரா. காங்கேயத்துல ஒண்ணுக்குக்கூட எறங்கல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கைகால் கழுவிக்கொண்டு, அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்றார். நான் பையிலிருந்து தட்டை எடுத்தேன். "அண்ணனுக்கு முதுகு முடியலீங்க மச்சான். நா ஒருத்தனாத்தான்" என்று இழுத்தேன். அவர் இரண்டு கையையும் நீட்டினார். நான் ஒற்றை ஆளாக நீட்டிய தட்டை, உன் அண்ணன் கும்பிட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இலையில் ஒப்புட்டு வைத்தார்கள். எத்தனை தின்றேன் என்று கேட்காதே, எண்ணவில்லை. கை கழுவும்போது, "இன்னும் எந்தெந்த ஊடு பாக்கி?" என்று கேட்டார். வெள்ளகோவிலில் நாலைந்து, பிறகு தாராபுரம் பக்கம், உள்ளூரில் நிறைய என்றேன். "தட்டு யாரு குடுக்கறது? உங்கண்ணனுக்கு முதுகு போயிருச்சே" என்றார். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். வேறொரு தட்டில் வெற்றிலை பாக்கும் என் பையிலிருந்த இன்னொரு பத்திரிகையும் வைத்து எடுத்துக்கொண்டு, "வா மாப்ள" என்று எனக்கு முன்னால் மச்சான் நடந்தார். வேலி தாண்டி அடுத்த தோட்டத்துக்குப் போனோம். உனக்குத் தெரிந்த வீடுதான், உன்னோடு பள்ளிக்கூடம் போன பொன்னாத்தா வீடு. அவள் என்னைப் பார்த்ததும் முந்தானையைத் தேடினாள்.

இதற்கு முன் போன வீட்டிலெல்லாம் என் அண்ணன் சொன்னது, "எந்தம்பி மக கலியாணமுங்க" என்றுதான். அதில் ஒரு தப்பும் இல்லை, அவர் அப்படித்தான் சொல்லமுடியும். எல்லோரும் அதைக் கேட்டு, உன்னை நினைத்து, என்னைப் பார்த்து அழுதார்கள். எந்த வீட்டிலும் கல்யாணத்தில் உனக்கு ஒரு இடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இல்லாமல் போனவளாகத்தான் ஒவ்வொரு வாசலிலும் உன்னைப் பார்த்தேன்.

உன் அண்ணனும் ராசம்மா அக்காவும் சேர்ந்து தட்டை நீட்டினார்கள்.

"எந்தங்கச்சி ஊட்டுக் கலியாணமுங்க பொன்னாத்தா. அவ கூப்புடறா. எல்லாரும் வந்துரோணும்" என்றார்.

பொன்னாத்தா அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள். "அவ கூப்புட்டு வராம இருப்பனுங்களா?" என்றாள்.

மயிலு, நான் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இத்தனை நாளில் முதல்முதலாக வேலையில்லாமல் நின்றேன். நாளை மறுநாள் அவர்கள் கோயமுத்தூர் வருகிறார்கள். பாக்கி எல்லா வீட்டுக்கும் அவர்கள்தான் தட்டு கொடுப்பார்கள், எல்லா வாசலிலும் நீதான் கூப்பிடுவாய். கவிதாவிடம் சொன்னேன், மாமன் வருகிறார் என்று. "தெரியுமுங்கப்பா, போன் பண்ணுனாரு. என்ன கண்ணு பண்றேன்னு கேட்டாரு" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஒரே ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். முகூர்த்தத்தன்று உன் அண்ணன் அவளுக்குப் பட்டம் கட்டும்போது நான் பந்தியைக் கவனிக்கிறேன், சமையல்கட்டைப் பார்க்கிறேன் என்று எந்தச் சாக்கும் சொல்லி அந்தப் பக்கம் போய்விட மாட்டேன். மணவறைக்கு முன்னால் நின்று, நீ கூப்பிட்டு வந்தவர்களோடு சேர்ந்து, கடைசிவரை பார்ப்பேன். அழமாட்டேன் என்பது மட்டும் வாக்கில் சேராது.

இப்போது படுக்கிறேன்.

உன் பிறந்த வீட்டுக்கு இன்றைக்கும் மாப்பிள்ளையான,
கவிதாவின் அப்பன்